லயத்தில் நான்கு ஏசி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாகப் பத்து வீடுகள், எங்களுடையது கடைசி. பல்கலைக்கழகத்திலிருந்து கணக்கெடுக்க வந்த பிள்ளை, முதல் வீட்டில் தொடங்கி எங்கள் வாசலுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டில் என்னென்ன கரண்டுச் சாமான் ஓடுகிறது, எவ்வளவு விறகு எரிகிறது என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. "பிரிட்ஜ் இருக்குங்க, வாசிங் மெசின் இருக்குங்க" என்று ஆரம்பித்தார். பிரிட்ஜ் இருந்தது உண்மைதான். சுற்றுலாக்காரர்கள் வருகிற எல்ல ஊரில் ஏதோ ஹோட்டலில் கழித்துப் போட்டதை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அது ஒரு நாள்கூடக் குளிர்ந்ததில்லை. எலிக்குப் பயந்து என் சேலைகளை அதற்குள்தான் வைத்திருக்கிறேன். மலைத் தண்ணி கொட்டுகிற பீலியில் நின்று துணி துவைக்கிற என்னைத்தான் வாசிங் மெசின் என்றார் போல. நான் வாயைத் திறந்தேன். அவர் என் காலை மிதித்தார்.

எழுதி முடித்த பிறகுதான் அந்தப் பிள்ளை சொன்னாள்: "லயத்துலயே கொறைவா காபன் புகை விடுற வீட்டுக்கு தண்ணி கொதிக்க வைக்கிற ஒரு கரண்டு கேத்தல் பரிசு குடுக்கிறோம் அக்கா."

எனக்கு வயிறு எரிந்தது. மழைக்காலத்தில் விடியுமுன் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து, ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கொழுந்து பறிக்க ஓடுகிறவள் நான். பதுளைக் கடையில் அந்தக் கேத்தலைப் பார்த்து எத்தனை முறை நின்றிருப்பேன்! அதற்காகக் கட்டிய புருசனைப் பொய்யன் என்று ஊரார் முன்னால் சொல்ல முடியுமா? ஒரு மாதம் அவருக்குச் சீனியில்லாத தேத்தண்ணிதான்.

பிறகு கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். அந்தப் பிள்ளை கவலையோடு படம் போட்டு விளக்கினாள். நாடு முன்னேற முன்னேறக் கரண்டுச் செலவு கூடுமாம், புகையும் கூடுமாம். ஆனாலும் எங்கள் லயம் இவ்வளவு வேகமாக முன்னேறும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லையாம். வீட்டுக்கு வீடு பிரிட்ஜ், இரண்டிரண்டு டீவி, நான்கு வீட்டில் ஏசி. எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் குளிரில் ஏசி!

"எல்லவுல இருக்கிற ஹோட்டலுக்குச் சமமா கரண்டு எரிக்கிறீங்க. தயவுசெஞ்சு கொஞ்சம் கொறைச்சுக்குங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சனமெல்லாம் சரி சரி என்று தலையாட்டியது.

கடைசியில் பரிசு எங்கள் வீட்டுக்குத்தான். மற்ற வீட்டுக்காரர்கள் எங்களைவிட அள்ளி விட்டிருக்கிறார்கள்; பொய் சொல்வதிலும் நாங்கள்தான் சிக்கனம். அவர் முகம் தொங்கிப்போய் நாற்காலியை விட்டு எழவேயில்லை. நான் ஓடிப்போய் வாங்கினேன்.

மறுநாள் காலையில் கண் எரியாமல் தேத்தண்ணி ஊற்றினேன். அந்தச் சந்தோசத்தில் அவருக்கு இரண்டு கரண்டி சீனி போட்டேன். அவர் குடித்துவிட்டுக் கேத்தலைத் தட்டிக் கொடுத்தார்.

"பாரு புள்ள, இப்ப நம்ம வீட்டுல நெசமாவே ஒரு கரண்டுச் சாமான் ஓடுது, அடுத்த தடவ இந்தப் பரிச நமக்கு யாராலயும் குடுக்க முடியாது" என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.