திங்கட்கிழமையில் விழுந்த காந்தி ஜெயந்தி

சொந்தப் பெண்ணின் கல்யாண வரவேற்பிலேயே வாயைத் திறக்காத மனுஷன் என்று ஆம்பூரில் ஒருத்தரைச் சொல்வார்கள். கோதண்டராமன் என்று பெயர். பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங் செக்‌ஷன். காந்தி திங்கட்கிழமைகளில் மௌனம் இருந்தார் என்பதற்காக இவரும் நாலு வருஷமாக இருக்கிறார். ஏதாவது அவசரம் என்றால் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எழுதிக் காட்டுவார், காந்தி செய்த மாதிரியே. பெண்ணின் வரவேற்பு ஒரு திங்கட்கிழமையில் அமைந்துவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு மட்டும் போட்டுக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வழி ஆட்களில் சிலர், பாவம், பெண்ணின் அப்பா ஊமை போல என்று பேசிக்கொண்டு போனார்கள்.

இந்தக் கதையை மறுநாளிலிருந்து அவரே எல்லோரிடமும் சொன்னார். கேன்டீனில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், வேலூர் லாங் பஜாரில் துண்டு வாங்கப் போன இடத்தில் கடைக்காரரிடமும் சொன்னார். அவர் மனைவி மோகனா மட்டும், எனக்கும் வாரத்துக்கு ஒரு நாள் லீவு கிடைக்குது, நல்லதுதான் என்பாள்.

காந்தி அவருக்கு வந்து ஒட்டிக்கொண்டது 2001இல். போனஸ் தகராறில் ஆட்கள் மேனேஜர் கார்மேல் கல்லெடுக்கப் போனபோது, கோதண்டராமன் போய் கம்பெனி கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். யாரையாவது அடிப்பதென்றால் முதலில் என்னை அடியுங்கள் என்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சொன்னார். இரண்டு நாள் தண்ணீர் மட்டும். மூன்றாம் நாள் போனஸ் வந்தது. போனஸ் வந்தது அவரால்தானா, ஏற்றுமதி ஆர்டர் தவறிவிடும் என்ற பயத்தாலா என்று இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. ஆனால் அந்த அக்டோபரில் காலனி படிப்பகத்தில் காந்தியைப் பற்றிப் பேச அவரைத்தான் கூப்பிட்டார்கள். அன்று தொடங்கி வருஷம் தவறாமல் இருபத்திரண்டு பேச்சு. சின்ன வயசில் செய்த திருட்டைக் காந்தி ஒரு சீட்டில் எழுதி அப்பாவிடம் நீட்டிய இடம் வரும்போது குரலை லேசாக உடைப்பார். எந்த வரியில் உடைப்பார் என்று முன்வரிசைப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவருக்கு வருஷமே.

2023இல் அக்டோபர் இரண்டு திங்கட்கிழமையில் வந்தது.

படிப்பகச் செயலாளர் சம்பத், ஜோலார்பேட்டை ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், செப்டம்பரிலேயே காலண்டரைப் பார்த்துவிட்டார். கோதண்டராமனைத் தேடி வந்து, ரொம்ப மரியாதையாக, இந்தத் தடவை உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டோம் என்றார். மேடையில் நடுநாற்காலி போட்டு உட்காரவைக்கிறோம், மாலை போடுகிறோம், பேச்சுக்கு வேறு ஆள் பார்த்தாச்சு. யார் என்று கேட்டதற்கு, உங்க கம்பெனிப் பொண்ணுதான், அக்தர் பானு என்றார்.

கோதண்டராமன் அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அக்தர் பானு செக்கிங் செக்‌ஷன். முப்பது வயசு. வேலை பார்த்துக்கொண்டே தபாலில் வரலாறு எம்.ஏ. முடித்தவள். அவரையும் அவளையும் பிரிப்பது நடுவில் இருக்கும் ஒரு கண்ணாடித் தடுப்புதான். கட்டிங்காரனின் திறமை தோலில் இருக்கும் பழுதை ஒளிப்பதில் இருக்கிறது. உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், சூடு போட்ட வடு எல்லாவற்றையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, அது ஷூவின் முகத்தில் வராமல் லேஸுக்குக் கீழே வரும் நாக்குத் துண்டுக்கு அடியிலோ உள்பக்கத்திலோ போய் மறையும்படி அச்சை வைத்து வெட்டவேண்டும். கோதண்டராமன் அதில் ராஜா. பானுவின் வேலை அப்படி மறைந்ததைக் கண்டுபிடித்து, சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது. மாசத்துக்கு நாலைந்து துண்டாவது அவரிடம் திரும்பி வரும். அண்ணே, கோச்சுக்காதீங்க என்று சிரித்துக்கொண்டே அனுப்புவாள். அந்தச் சிரிப்புதான் அவருக்கு ஆகாது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் சம்பத் வீட்டுக்கே போனார். காந்தியே அவசரத்துக்கு மௌனத்தைத் தள்ளிவைத்தவர்தானே, இந்த ஒரு வாரம் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டால் என்ன என்று சுற்றிவளைத்துப் பேசினார். சம்பத் விஷயம் புரியாத மாதிரியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் சொன்னார்:

“கோதண்டம், பொண்ணு ரிசப்ஷனுக்கே பேசாதவன் நீ. படிப்பகக் கூட்டத்துக்குப் பேசினா ஊர் இன்னா சொல்லும்? மோகனா இன்னா சொல்லும்?”

அவர் கட்டிய கதை அவர் கழுத்தையே பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பானு டீ நேரத்தில் நோட்டு எழுதுவது தெரியும். என்ன எழுதுகிறாள்? உப்பு யாத்திரையா? அது என்னுடையது. தென்னாப்பிரிக்காவில் கைப்படச் செருப்புத் தைத்ததா? தோல் ஊரில் அதைச் சொன்னால் கைத்தட்டல் நிச்சயம், அதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் நான். தானாகச் செத்த மாட்டின் தோலில்தான் செருப்புப் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தாரே, அதுவா? ஒவ்வொன்றாக நினைத்து, ஒவ்வொன்றும் தன் பெட்டியிலிருந்து திருட்டுப்போவதாக வெந்துகொண்டிருந்தார். அன்றைக்கு நல்ல மழை பெய்யவேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டார். மோகனா ஒருநாள் பொறுக்காமல், அந்தப் பொண்ணு பேசினா காந்தி இன்னா தேஞ்சா போய்டுவாரு என்றாள். அதற்கு அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

மழை பெய்யவில்லை. படிப்பகம் நிறைந்து வாசல் வரை ஆள். வழக்கத்தைவிடப் பெண்கள் ஜாஸ்தி. செக்கிங், ஸ்டிச்சிங் பெண்கள் கும்பலாக வந்திருந்தார்கள். அதுவே அவருக்கு முதல் அடி. மோகனா மூன்றாம் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவர் நடுநாற்காலியில் மாலையோடு, சட்டைப்பையில் சீட்டோடு, எந்த இடத்தில் பானு தப்பு பண்ணுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

பானு உப்பைத் தொடவில்லை. செருப்பைத் தொடவில்லை. பதிமூன்று வயசில் கல்யாணமான ஒரு பையனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அந்தப் பையன் பொறாமை பிடித்தவன் என்றாள். பெண்டாட்டி கோயிலுக்குப் போகவேண்டும் என்றாலும், தோழிகளைப் பார்க்கவேண்டும் என்றாலும் தன்னிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும் என்று சட்டம் போட்டவன். அந்தப் பெண் சண்டையும் போடவில்லை, கேட்கவும் இல்லை. போகவேண்டிய இடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

கோதண்டராமன் சீட்டை எடுத்து, தொடைமேல் வைத்து அவசரமாக எழுதினார்: ‘பிறந்த நாள் அதுவுமாக அவமானம். நிறுத்தச் சொல்லவும்.’ பக்கத்து நாற்காலிச் சம்பத் பக்கம் கை பாதி நீண்டுவிட்டது.

நீண்ட கை அங்கேயே நின்றது. ஏனென்றால் பானு சொன்னது பொய் இல்லை என்று அவருக்குத் தெரியும். காந்தியின் சுயசரிதையில் படித்திருக்கிறார். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. இருபத்திரண்டு பேச்சிலும் அந்தப் பக்கத்துக்கு வரும்போது தோலில் வடுவைத் தாண்டி அச்சை வைப்பதுபோலத் தாண்டிப் போயிருக்கிறார்.

ஏன் தாண்டினார் என்பது மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தது. கல்யாணமான புதிதில் மோகனாவும் அதே கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் இருந்தாள். மிஷினில் அவள் கை ஓடினால் பக்கத்து மிஷின்காரிகள் நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அந்த லைனுக்கே அவளைப் பொறுப்பாகப் போடலாம் என்று சூப்பர்வைசர் சொன்னான். சொல்லும்போது சிரித்தான், அவளும் சிரித்தாள். அப்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் ஸ்டிச்சிங் லைன்தான், இந்தப்பக்கமிருந்து கோதண்டராமன் அதைப் பார்த்தார். நாளையிலிருந்து நீ வரவேண்டாம் என்று அன்று சாயங்காலம் சொன்னதோடு முடிந்தது. கை ஓங்கவில்லை, கத்தவில்லை. அதனால் அதை ஒரு கொடுமை என்று அவர் எந்தக் கணக்கிலும் சேர்த்ததில்லை.

மோகனா பானுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இருபத்திரண்டு வருஷம் பேசியதில் ஒரு நாளும் அவள் முகம் இப்படி இருந்ததில்லை.

“இதெல்லாம் வேற யாரோ தோண்டி எடுத்தது இல்ல,” என்றாள் பானு. “அவரேதான் ஊருக்கு எழுதினாரு. அடிக்காம, பணியாம எதிர்த்து நிக்கிறத என் சம்சாரத்துகிட்டதான் கத்துக்கிட்டேன்னும் அவரே சொன்னாரு.” பிறகு நடுநாற்காலிப் பக்கம் திரும்பினாள். “அண்ணனுக்கு என்னைவிட ஜாஸ்தி தெரியும். தப்பு இருந்தா எழுதிக் குடுங்கண்ணே, நானே படிச்சுடறேன்.”

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. கையில் எழுதிய சீட்டு அப்படியே இருந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்தார். வேறு சீட்டு எடுத்தார். எழுத நேரமானது, இரண்டு தரம் அடித்து எழுதினார். பானு வாங்கி, முதலில் மனசுக்குள் படித்துவிட்டு, பிறகு சத்தமாகப் படித்தாள்:

“தப்பு இல்லை. எனக்கும் தெரியும். நானும் அப்படி இருந்தவன் என்பதால் இத்தனை வருஷம் சொல்லாமல் விட்டேன்.”

கைத்தட்டல். அப்படி ஒரு கைத்தட்டல் அந்தப் படிப்பகம் கேட்டதில்லை. அந்த நிலைமையிலும் கோதண்டராமன் மனசில் ஓடியது இதுதான்: நான் எழுதியதற்கு அவள் கைத்தட்டல் வாங்கிப் போகிறாள்.

வீட்டுக்கு வரும் வழியில் மோகனா நாலடி முன்னால் நடந்தாள். திங்கட்கிழமை முடியும்வரை அவரால் ஒன்றும் சொல்லமுடியாது.

செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்டுக்குப் போகும்முன் சம்பத்துக்குப் போன் போட்டார். அடுத்த வருஷம் அக்டோபர் இரண்டு புதன்கிழமை, பேச்சு நான்தான், இப்பவே எழுதி வெச்சுக்கோ என்றார். எதைப் பற்றி என்று சம்பத் கேட்டார். நேற்று பானு பேசினதைப் பற்றித்தான் என்றார் இவர்.

“அதான் அவ பேசிட்டாளேப்பா.”

“அவ படிச்சதைப் பேசினா. நான் பண்ணதைப் பேசுவேன். அது அவளால முடியாது.”

போனை வைத்தபோது அடுப்படியில் மோகனா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இதுலயும் அந்தப் பொண்ணுகூடப் போட்டியா என்றாள். குரலில் கோபம் இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை. நோட்டை எடுத்து வாசற்படியில் உட்கார்ந்தார். முதல் வரி எழுதினார். இரண்டாவது வரியில் நின்றார்.

“அந்த சூப்பர்வைசர்... அவன் பேரு இன்னா?” என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

“புகழேந்தி,” என்றாள் மோகனா, கத்தியை நிறுத்தாமல்.

கிட்டத்தட்ட முப்பது வருஷம். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. கோதண்டராமன் பேனாவைப் பிடித்தபடியே அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது வந்த அதே பொறாமை. அது அடங்கட்டும் என்று காத்திருந்து பார்த்தார். அடங்குகிற மாதிரி தெரியவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரை அப்படியே இரண்டாவது வரியில் எழுதினார்.