மூன்றாவது மாமன்

போன மாதம் ஒரு வேலைநாள் காலையில், ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் கணினி வலையிலிருந்து எல்லோரையும் நானே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். எல்லோரிலும் நானும் அடக்கம். ஃபயர்வால் என்பது ஒரு வாயிற்காவல். உள்ளே வர நினைக்கிற ஒவ்வொரு தகவல் துணுக்கையும் நிறுத்தி, எங்கிருந்து வருகிறாய், யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்கும். யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று அதன் கையில் ஒரு பட்டியல் உண்டு. அதை மேலிருந்து கீழே படிக்கும். பொருந்துகிற முதல் வரியோடு தீர்ப்பு முடிந்தது. அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் சட்டை செய்யாது. எந்த வரியும் பொருந்தாதவர்களுக்குக் கதவு திறக்காது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இதை வகுப்பெடுத்துச் சொல்கிறவன் நான். அப்படிப்பட்டவன் ‘யாரையும் விடாதே’ என்ற வரியைத் தலைமேல் போட்டுவிட்டு, அதற்குக் கீழே கணக்குப் பிரிவை விடு, முதலாளியை விடு, என்னை விடு என்று அழகாக அடுக்கிப் பொத்தானை அழுத்தினேன். பக்கத்து இருக்கைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, “சார், அது மேலருந்துதான படிக்கும்?” என்று கேட்டாள். என்னிடம் படித்த பெண்.

அந்த எந்திரத்தில் நேரடியாக வயரைச் செருகித்தான் வரியை மாற்ற முடியும். எந்திர அறையின் சாவியை வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். பூட்டிய அறைக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தபோது, என் நடை எனக்கே பழக்கப்பட்டதாக இருந்தது. தோளை முன்னால் தள்ளி, இரண்டு எட்டுக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கிற நடை. சித்தப்பாவின் நடை அது.

எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் என் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. அப்பா இல்லாத வீடு, அதனால் முழுப் பொறுப்பும் அப்பாவின் தம்பியான இந்தச் சித்தப்பாவின் தலையில். காலையில் கோயிலில் பூசையும் தாலி கட்டும், மதியம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த மண்டபத்தில் கறிச் சோறு. அன்றைக்கு அவரால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. காரணம் இருந்தது. முந்தைய வருடம் அதே மண்டபத்தில் அவருடைய மகளின் கல்யாணம். பேருந்துக்குக் காத்திருந்தவர்களெல்லாம் வாசனை பிடித்து உள்ளே வந்து, ‘மாப்ள வூடு’ என்று சொல்லிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். அசல் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தபோது ரசம்தான் மிச்சம். அதைச் சம்பந்தி வீட்டில் இன்னமும் சொல்லிக் காட்டுவதாகக் கேள்வி. ஆகவே இந்த முறை சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஆள் நிறுத்த முடிவுசெய்தார். நான் அப்போது பட்டம் வாங்கிவிட்டு, சேலத்தில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒழுங்காகச் செய்வேன் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார். ஒழுங்காகச் செய்தேன் என்பதுதான் இதில் பிரச்சினை.

முதலில் அவர் சொன்னது இது: “மொகந் தெரியாதவன் எவன் வந்தாலும், என்ன ஒறவு சொன்னாலும் உள்ள வுடாத.” போனவர் மறுபடி ஓடிவந்தார். சமையல்காரரின் ஆட்களை விடு. மறுபடி ஓடிவந்தார். ஃபோட்டோ எடுக்கிறவனை விடு. காலில் வெந்நீர் பட்டவர்போலத் துள்ளிக்கொண்டே இருந்தார். கடைசியாக ஓடிவந்து காதோடு சொன்னார்: “மாப்ளையோட தாய்மாமன் இன்னும் வரல. தொப்பூர் கணவாயில லாரி கவுந்து ரோடு நின்னு கெடக்குதாம். வந்தாருன்னா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி ஒக்கார வெய்யி. சம்பந்தியம்மாவுக்கு ஒரே அண்ணன்.” தாய்மாமன் இல்லாமலே கோயிலில் தாலி ஏறியதில் சம்பந்தியம்மாவுக்கு ஏற்கெனவே முகம் சரியில்லை. அன்று சாயங்காலம் அக்கா போய் வாழப்போவது அந்த முகத்துக்கு எதிரே.

மாப்பிள்ளை வீட்டார் கூட்டமாக வந்தார்கள், மாப்பிள்ளையின் அப்பாவை முன்னால் விட்டு. சிக்கல் இல்லை. அப்புறம் தனியாள்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் மாப்பிள்ளைக்கு மாமன் என்றார். மாப்பிள்ளை பெயர் என்ன என்று கேட்டேன். ‘செல்லப் பேரு மறந்துபோச்சு’ என்று பேருந்து நிலையத்துக்கே திரும்பிப் போனார். இன்னொருவரும் மாமன் என்றார். வாசலில் தொங்கிய தட்டியில் பெயரைப் படித்துவிட்டு வந்திருந்தார், ஆனால் பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டார். என் திறமையில் எனக்கே மயக்கம் வந்திருந்த சமயத்தில்தான் அவர் வந்தார். புழுதி படிந்த சட்டை, கட்டம்போட்ட துண்டு, கையில் ரெக்சின் பை. பஸ்ஸிலிருந்து இறங்கிய எவரையும்போல இருந்தார்.

“தம்பி, நான் மாப்ளைக்குத் தாய்மாமனுங்க.”

பெயர்கூடக் கேட்கவில்லை நான். “இன்னிக்கி நீங்க மூணாவது மாமனுங்க,” என்றேன். பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பி நடந்தார். சிரித்தவனைப் பார்த்து நானும் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மாவே வாசலுக்கு வந்தார். “எங்கண்ணன மண்டபத்து முன்ன பாத்தேன்னு சொல்றாங்களே, கட்டம்போட்ட துண்டு, கையில ரெக்சின் பையி. உள்ள வந்துச்சா?” அவர் பின்னாலேயே சித்தப்பாவும் வந்து நின்றார். சித்தப்பாவுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

“மாமன் வந்தா வுடுன்னு சொன்னனா இல்லியாடா?”

“சொன்னீங்க. அதுக்கு மின்ன மொகந் தெரியாதவன வுடாதன்னும் சொன்னீங்க.”

“கடசியா சொன்னதுதான்டா பேச்சு. மனுசன் பேசுறான்னா அப்படித்தான்டா.”

இத்தனை வருடமாக ஃபயர்வாலைப் பற்றி எத்தனையோ படித்துவிட்டேன், இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. மனிதர் பேச்சில் கடைசியாக வந்ததுதான் முன்னால் சொன்னதை அழிக்கும். எந்திரத்துக்கு முதலில் சொன்னதுதான் செல்லும். பிறகு சேர்த்ததெல்லாம் கீழே கிடந்து வாடும். பயந்தவன் எழுதுகிற பட்டியலில் முதல் வரியை அந்தப் பயமே எழுதிவிடுகிறது. சித்தப்பாவின் முதல் வரி, போன வருடத்து ரசம். அது இருக்கட்டும், அவர் மனுசனாகத்தான் சொன்னார். எந்திரம் ஆனது நான்.

சம்பந்தியம்மா கத்தவில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தன் ஆட்களைப் பார்த்து, “எந்திரிங்க,” என்றார். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். சித்தப்பா கையைப் பிசைந்தார். அப்போதுதான் மேடையிலிருந்து அக்கா இறங்கினாள். கல்யாணப் பெண் நாற்காலியை விட்டு எழக்கூடாது என்று யாரோ பிடித்தார்கள். கையை உதறிவிட்டு, கழுத்து மாலையோடு சாலையைக் கடந்தாள். நான் பின்னால் ஓடினேன். சேலம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தார், மடியில் பை.

கணவனின் தாய்மாமன் பெண்ணுக்குப் பெரியப்பா முறை. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எறங்குங்க பெரியப்பா,” என்றாள். “நீங்க பசியோட போனா, நான் அந்த வூட்டுல எந்த மொகத்தோட சோறு திங்கறது?”

பஸ் மொத்தமும் எங்களைப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார். “எறங்கறன் கண்ணு. வாசல்ல இந்தத் தம்பி வுடணுமே.”

“அவன் வுடறது என்ன, அவன்தான் உங்களுக்கு எல போடுவான்.”

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “பொண்ணே வந்து கூப்புடுது, எறங்குங்க பெரியவரே. நான் ரைட் குடுக்கணுமுங்க.”

இறங்கினார். அக்கா அவர் பையை வாங்கிக்கொண்டாள். கூடத்து வாசலில் வந்ததும் நின்று, என் பக்கம் திரும்பி, “வரலாமுங்களா?” என்று கேட்டார். என் வயதுக்கு அவர் போட்ட அந்த ‘ங்க’ கன்னத்தில் விழுந்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

உள்ளே போன பிறகுதான் பார்த்தோம். வாசலில் ஆளில்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில் பேருந்து நிலையம் பாதி பந்தியில் உட்கார்ந்திருந்தது. முதலில் வந்த மாமனும் இரண்டாவது மாமனும் பக்கத்துப் பக்கத்து இலையில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா அவர்களைப் பார்த்தார், சம்பந்தியம்மாவைப் பார்த்தார். இன்னொருவரை எழுப்பிவிடும் தைரியம் அந்த மண்டபத்தில் யாருக்கும் மிச்சமில்லை. எழுந்து நின்ற மாப்பிள்ளை வீட்டார், மாமன் உட்கார்ந்ததும் உட்கார்ந்தார்கள். நான் இலை போட்டேன், சோறு வைத்தேன். சட்டிக்குள் கரண்டியை விட்டால் கறி தட்டுப்படவில்லை. கூட்டத்தைப் பார்த்து மிரண்ட சமையல்காரர் குழம்பில் தாராளமாக வெந்நீரை ஊற்றியிருந்தார். கிடைத்ததை ஊற்றிவிட்டு ஒதுங்கி நின்றேன். பின்னால் சித்தப்பா நடந்துகொண்டே இருந்தார்.

மாமன் ஒரு வாய் பிசைந்து சாப்பிட்டார். சம்பந்தியம்மா அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அக்கா சம்பந்தியம்மாவின் முகத்தை. மாமன் தன் விரலில் வழிந்த குழம்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

“ஏந் தம்பி, இந்தக் கொழம்புக்கா இத்தினி காவலு?”