நான் விட்டுவிட்ட முதல் கட்டம்

1. ஷீட்

ஆம்பூரில் ஒரு டேனரியில், செலக்ஷன் டிபார்ட்மெண்டில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். செலக்ஷன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பதனிட்டு, சாயமேற்றி, முடிந்து வருகிற தோலை மேஜையில் விரித்து, தரம் பிரித்து அடுக்குவது. வடக்குப் பார்த்த ஜன்னல், உயரமான மேஜை, கையில் ஒரு சாக்பீஸ். இதற்கா முப்பத்து நான்கு வருடம் என்று என் மனைவியே கேட்டிருக்கிறாள்.

சேர்ந்த அன்று முதலாளி பாய் ஒரு ஷீட்டைக் கொடுத்தார். அதில் மூன்று கட்டம். முதல் கட்டம், 'குறை: உண்டு / இல்லை'. இரண்டாவது, 'நேச்சுரல் / ப்ராசஸ்'. மூன்றாவது, 'ரீவொர்க்'. நேச்சுரல் என்றால் மாடு உயிரோடு இருந்தபோதே வந்தது. முள் கீறியது, உண்ணி கடித்தது இந்த மாதிரி. ப்ராசஸ் என்றால் நம் ஆட்கள் செய்த வேலை. கத்தி பட்டது, சாயம் போடுகிற டிரம்மில் கறை பிடித்தது. நேச்சுரலை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ப்ராசஸ் என்றால் ரீவொர்க்குக்கு அனுப்பலாம். யாராவது ஒரு ஆளுக்குத் திட்டும் விழும்.

முதல் தோலை விரித்ததுமே நான் கேட்டேன். "பாய், இது நேச்சுரலா, ப்ராசஸா?"

"இன்னாது?"

"இந்தக் கோடு."

"யோவ், அது நரம்பு ஓடுன கோடு. அது இருந்தாத்தான் தோலு, இல்லாட்டி ரெக்சின். மொதல் கட்டத்த விட்டுட்டு ரெண்டாவதுக்கு ஏன்யா குதிக்கிற? குறையா இல்லையான்னு மொதல்ல பாரு. இல்லன்னா டிக் போட்டுட்டு அடுத்தத எடு. சும்மா பேஜார் பண்ணாத."

டிபார்ட்மெண்டே சிரித்தது. அதற்குப் பிறகு தோல் விஷயத்தில் அந்தத் தப்பை நான் செய்ததே இல்லை.

2. எட்வினின் விரல்

எட்வின் என் மேஜைக்கு எதிர்ப் பக்கம் நின்று பதினோரு வருடம் வேலை பார்த்தவன். நான் சொல்லப்போவது நடந்தபோது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. அவன் விரல் மாதிரி ஒரு விரலை நான் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு தோலைத் தடவி, "இது வயித்துப் பக்கம்ணா, கொஞ்சம் லூஸ்" என்பான். பார்த்தால் சரியாக இருக்கும். பொறாமையில் இரண்டு மூன்று முறை தோலை மாற்றிப் போட்டுக்கூடச் சோதித்தேன். அப்போதும் சரியாகவே சொன்னான். எனக்கு எரிச்சலாக வந்தது.

இப்படிப்பட்டவனை வெளியில் விடுவானேன் என்று என் தங்கச்சி பெண்ணுக்கு அவனைப் பேசினேன். அவள் வேலூரில் நர்ஸ். எட்வினின் அம்மா கிரேஸ் டீச்சர், எங்கள் சர்ச்தான். கணவர் இறந்து பல வருடம், பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டயர் ஆனவர். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். எட்வினை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"ணா, இந்தக் கல்யாணம் வேணாம்ணா."

"ஏன்டா, பொண்ணு கலர் கம்மியா?"

"பொண்ணுக்கு ஒண்ணும் இல்லண்ணா. எனக்குத்தான் பொண்ணுங்க மேல மனசு போவாது. ஆம்பளைங்க மேலதான் போவும். வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அப்படித்தான். உன்கிட்டதான் மொத மொதல்ல சொல்றேன். அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன், கொஞ்சம் டைம் குடு."

ஒரு மனுஷன் இத்தனை வருடமாக உள்ளே வைத்திருந்ததை எடுத்து என் முன்னால் வைக்கிறான். நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"இது நேச்சுரலா, ப்ராசஸா?"

சத்தியமாக அப்படியேதான் கேட்டேன். வாய்ப் பழக்கம்.

"இன்னாண்ணா?"

"பொறவியிலேயே வந்ததா, நீயா செலக்ட் பண்ணிக்கினியா? சேர்க்கை ஏதாவது சரியில்லையா?"

"நான் செலக்ட் பண்ணலண்ணா. உனக்குப் பொண்ணுங்களப் புடிச்சுது. அத எந்த டேபிள்ல விரிச்சு செலக்ட் பண்ண நீ? அது மாதிரிதான் எனக்கும். அப்படியே செலக்ட் பண்ணியிருந்தாலும் உனக்கு இன்னா?"

அந்தக் கடைசி வார்த்தை எனக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது. தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கு போகிறது, எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பது என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. இது ப்ராசஸ்தான் என்று முடிவு செய்தேன். எதை வைத்து என்று கேட்காதீர்கள். நேச்சுரல் என்றால் நான் சும்மா இருக்க வேண்டும். ப்ராசஸ் என்றால் ஏதாவது செய்யலாம். எனக்கு ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

3. ரீவொர்க்

அவன் கேட்ட டைமை நான் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிரேஸ் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். டீச்சர் முதலில் கேட்டது இதுதான்.

"பொறவியிலேயேவா பிரதர்?"

"இல்ல டீச்சர். நடுவுல வந்ததுதான். சரி பண்ணிடலாம்."

நல்ல தோல், கெட்ட தோல் சொல்கிற அதே குரலில் சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.

யாரோ சொல்லி, ஏலகிரி அடிவாரத்தில் இப்படிச் 'சரி பண்ணுகிற' ஒரு இடத்தை டீச்சர் கண்டுபிடித்தார். ஜெபம், உபவாசம், கூடவே ஏதோ மாத்திரை. ஒரு மாதம் தங்க வேண்டும். டிபார்ட்மெண்டில் சீனியர் என்பதால் எட்வின் லீவு லெட்டரை என் கையில்தான் கொடுத்தான். "அம்மா மூணு நாளா சாப்பிடலண்ணா. அதுக்காகப் போறேன்" என்றான். நான் கையெழுத்துப் போட்டேன்.

தங்கச்சி பெண்ணுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"மாமா, நாங்க படிச்ச வியாதிங்கள்ல இது இல்லவே இல்ல. இல்லாத வியாதிக்கு இன்னா மாத்திர குடுக்குறாங்க? மொதல்ல அதக் கேளு. அவரு முன்னாடியே சொன்னாரு பாரு, அதுக்கு நான்தான் தேங்க்ஸ் சொல்லணும்."

சின்னப் பிள்ளை பெரியவர்கள் விஷயத்தில் தலையிடாதே என்றேன். அந்தச் சின்னப் பிள்ளைக்கு இருபத்தேழு வயது. ஒரு வார்டையே கட்டி மேய்க்கிறாள்.

ரீவொர்க் என்றால் என்ன என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். தோலின் மேல்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, அதன் மேல் கனமாகப் பெயிண்ட் அடிப்போம். பார்வைக்கு மாசு மரு இருக்காது. கையில் எடுத்தால் அட்டை.

எட்வின் ஒரு மாதம் கழித்து வந்தான். முடி ஒட்ட வெட்டி, முழுக்கை சட்டையைப் பொத்தான் போட்டு மூடி, "ஸ்தோத்திரம்ணா" என்றான். பதினோரு வருடத்தில் என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை. முதல் தோலை விரித்தான். தடவினான், திரும்பவும் தடவினான். கண்ணைத் திறந்துகொண்டே ஐந்து நிமிடம் நின்றான்.

"தெரியலண்ணா. கையில ஒண்ணுமே தெரியல."

சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த விரலைக் கெடுத்தது டிரம் இல்லை, கத்தி இல்லை, நான்.

4. டீச்சரின் கேள்வி

அந்த வாரமே கிரேஸ் டீச்சர் ஃபேக்டரி கேட்டுக்கு வந்தார். எட்வின் கண்ணாடியை மறந்துவிட்டான் என்று ஒரு சாக்கு. எட்வினுக்குக் கண்ணாடியே கிடையாது.

"பிரதர், மறைக்காம சொல்லுங்க. ஏலகிரியில ஜெபம் பண்ணவரு பொறவின்னாரு. நீங்க நடுவுல வந்ததுன்னீங்க. பொறவின்னா என் வயித்துல தப்பு. நடுவுல வந்ததுன்னா என் வளர்ப்புல தப்பு. ஏதோ ஒண்ணு சொல்லிடுங்க. எதுக்கு அழறதுன்னே தெரியாம அழுதுட்டிருக்கேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தப் பக்கம் டிக் போட்டாலும் திட்டு இந்த அம்மாவுக்குத்தான் விழப்போகிறது. எங்கள் டிபார்ட்மெண்டில் அந்த இரண்டாவது கட்டமே பழியை யார் தலையில் கட்டுவது என்று பார்க்கத்தான். எட்வின் விஷயத்தில் நான் நேராக அங்கேதான் குதித்திருக்கிறேன்.

சட்டைப் பையில் எப்போதும் காலி ஷீட் இருக்கும். எடுத்துப் பிரித்துக் காட்டினேன்.

"டீச்சர், நான் தப்பு பண்ணிட்டேன். குறை இருந்தாத்தான் எப்படி வந்துச்சுன்னு கேக்கணும். இந்த மொதல் கட்டத்த நான் பாக்கவே இல்ல. உங்க பையன்கிட்ட குறை இல்ல டீச்சர். இருந்திருந்தா பதினோரு வருஷத்துல என் கண்ணுக்குத் தப்பியிருக்காது."

டீச்சர் ஷீட்டை வாங்கி, மூன்று கட்டத்தையும் நிதானமாகப் படித்தார், பரீட்சைப் பேப்பர் படிப்பது போல.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பிரதர்."

"சொல்லியிருக்கணும் டீச்சர்."

"அவன ஒரு மாசம் பட்டினி போட்டுட்டனே."

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். இத்தனை வருடம் ரிட்டயர் ஆகியும் சிவப்புப் பேனாதான். 'இல்லை' என்பதற்கு நேராகப் பெரிதாக ஒரு டிக் போட்டு, ஷீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கம்பெனி ஷீட்டை வெளியே கொண்டுபோகக் கூடாது. நான் தடுக்கவில்லை.

அந்த இடத்தில் கொடுத்தனுப்பிய மாத்திரையை என்ன செய்வது என்று தங்கச்சி பெண்தான் பார்த்துக்கொண்டாள். எட்வினை ஒரு நல்ல டாக்டரிடம் கூட்டிப்போய், படிப்படியாக நிறுத்த வைத்தாள். அந்த இடத்தை அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவள் எட்வினுக்கு இப்போது நல்ல தோஸ்த். என்னிடம்தான் அளந்து பேசுகிறாள்.

5. அடுத்த தோல்

செலக்ஷனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். முதல் கட்டத்தை நிரப்பாமல் இரண்டாவதற்குப் போகாதீர்கள். தோலில் செய்தால் ஒரு பீஸ் போகும். மனுஷனிடம் செய்தால் என்ன போகும் என்று எனக்குத் தெரியும்.

எட்வினின் விரலுக்கு உயிர் வர நாலு மாதம் ஆனது. அதுவரை அவன் பங்குத் தோலையும் நானே பார்த்தேன். ஒரு நாள் காலை, பழையபடி கண்ணை மூடி ஒரு தோலைத் தடவி, "வயித்துப் பக்கம்ணா" என்றான். சரியாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சாக்கில், அதுவரை கேட்கத் துணியாததைக் கேட்டேன்.

"என்னை மன்னிச்சுட்டியாடா?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை. விரல் தோலின் மேலேயே இருந்தது.

"நீ பண்ணதுக்கு ரீவொர்க் கிடையாதுண்ணா" என்றான். பிறகு அந்தத் தோலை மடித்து ஓரமாக வைத்தான்.

"அடுத்தத எடு."