தாய்மாமனுக்கு விசா

அக்காள் மகளுக்குப் பிரான்ஸில் கல்யாணம். கோயிலுக்குப் புறப்படும்போது பெண்ணுக்கு முதல் மாலையைத் தாய்மாமன் போட வேண்டும். அவளுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான்.

“நீ வராம மாலை கிடையாதுடா” என்று அக்காள் லீவில் வந்தபோது சொல்லிவிட்டுப் போனாள்.

இது நடந்தது எண்பதுகளில். அக்காள் கட்டிக்கொண்டது ஒரு சொல்தாவை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரைக் காரைக்காலில் அப்படித்தான் சொல்வோம். அவர்களுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை. நான் கொத்தனார், இந்திய பாஸ்போர்ட். விசா வேண்டும். அதற்கு, இவர் எங்கள் வீட்டில் தங்குவார் என்று அக்காள் எழுதி, அவர்கள் ஊர் மேரியில் முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். மேரி என்றால் நகராட்சி. என் மனைவி வேளாங்கண்ணிப் பக்கம். மேரி தாள் வந்துவிட்டது என்றேன். மாதா என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தாள் முழுக்கப் பிரெஞ்சு. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அக்காள் அனுப்பியதுதானே என்று யாரிடமும் காட்டவில்லை.

பாண்டிச்சேரியில் விசா கொடுக்கும் இடத்தில் நின்றேன்.

“எதுக்குப் போறீங்க?”

“அக்கா மக கல்யாணங்க. நான் தாய்மாமன்.”

“யாரு வீட்டுல தங்குவீங்க?”

“அக்கா வீட்லதான்.”

கவுண்டரில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல என்ன உறவுங்கிற இடத்துல தெரிஞ்சவருன்னுல்ல போட்டிருக்கு?”

“தப்பா இருக்குங்க.”

“கையெழுத்து உங்க அக்காளோடதுதானே?”

அவளுடையதுதான். கடைசி எழுத்துக்கு வால் நீளமாக விடுவாள்.

“நீங்க ஒண்ணு சொல்றீங்க, தாளு ஒண்ணு சொல்லுது. விசா கிடைக்காதுங்க.”

பின்னால் நின்றவர், “அக்காளுக்கே தம்பியத் தெரியல, அந்த நாட்டுக்கு எப்படித் தெரியும்?” என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். “குடுக்கல” என்றேன். கல்யாணப் பெண்ணுக்கு எடுத்திருந்த பட்டுப்புடவையை மனைவி பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

கல்யாணம் முடிந்து அக்காள் ஆல்பத்தோடு வந்தாள். தாளைப் பற்றிக் கேட்டேன்.

“தம்பின்னு போட்டா, நீ அங்கயே தங்கிடுவேன்னு விசா தர மாட்டாங்களாம். உங்க அத்தான்தான் அப்படி எழுதச் சொன்னாரு.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் தெரிஞ்சவன்னே சொல்லியிருப்பேனே?”

அக்காள் ஆல்பத்தைப் புரட்டினாள். ஒரு படத்தில் கோட்டு போட்ட ஆள் பெண்ணுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்.

“யாரு இது?”

“அத்தானோட வேலை பாத்தவரு. மாப்பிள்ளை வீட்டுக்கு எதுர நிக்க ஒரு ஆள் வேணும்ல? நமக்குத் தெரிஞ்சவருதான்.”

என் கை விரல்களில் சிமெண்ட் வெடிப்பு. ஆல்பத்தின் பக்கத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

அக்காள் கிளம்பும்போது அந்தப் பட்டுப்புடவையை எடுத்துவந்து கொடுக்கச் சொன்னேன். மனைவி எழுந்திருக்கவில்லை. நான் இரண்டாம் முறை சொல்லவில்லை.