தோல் சூடேறும் வாசனை

அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் மகனுடைய அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால், கீழ்வீட்டில் இருக்கும் மாலி நாட்டு பம்பாரா இனத்தவர் மூஸா தீ மூட்டித் தன் கைமுரசு ஜெம்பேயைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஆட்டுத்தோல் சூடேறும் வாசனை மாடிக்கு வந்தது.

"யாரும்மா செத்தது?" என்று மருமகளைக் கேட்டேன்.

"ஐயோ மாமா! அவர் பேபிக்குப் பேர் வைக்கிறாங்க. நம்மளையும் இன்வைட் பண்ணியிருக்காங்க, வாங்க."

எனக்கு ஏழு வயதில் இதே வாசனை எங்கள் வாசலில் வந்தது. நான்கு பேர் வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சினார்கள். அம்மா கூடத்தில் கிடந்தாள். பறை அடித்தால்தான் சாவு என்று நினைத்திருந்தேன். அதுவரை அவள் எழுந்துவிடலாம்.

"இன்னும் என்னய்யா? அடிங்க," என்றார் பெரியப்பா.

"தோல் இன்னும் முறுக்கு ஏறலீங்க சாமி. ஈரக் காத்து."

ஏறவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். சிறிது நேரத்தில் முதல் அடி விழுந்தது. நான் அழவில்லை. அடிகளை எண்ணத் தொடங்கினேன். நூற்றுப் பதினெட்டில் யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கும் பழக்கம் அன்று வந்ததுதான்.

கீழே போனதும், "அங்கிள், ப்ளீஸ்" என்று மூஸாவின் மனைவி தூங்கும் குழந்தையை என் மடியில் வைத்தாள். கூட்டத்தில் பெயரைச் சொன்னார்கள். உடனே ஜெம்பே அதிர்ந்தது. குழந்தை கண் விழித்து என்னைப் பார்த்தது.