இடக்கை மோதிர விரல்

நான் ஐந்தாவது படித்தபோது ஓவியப் போட்டியில் என் படம் தேர்வானது. கோயமுத்தூரில் ஒரு மில் முதலாளி குடும்பம் நடத்திவந்த கலைக்கூடத்தில் அதை ஒரு மாதம் மாட்டிவைத்தார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் லீவு கிடைக்காததால், பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து அத்தையும் மாமாவும் காரில் வந்து என்னைக் கூட்டிப்போனார்கள். அத்தை அப்பாவின் அக்கா. மாமா லேத் பட்டறை வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார், பேசாமல் இருந்தால் கோபம் என்பது பிள்ளைகளாகிய எங்கள் கணக்கு.

குழந்தைகளின் படங்கள் கடைசி அறையில் இருந்தன. வெண்கலச் சிலைகள், கண்ணாடிக்குள் மின்னிய தஞ்சாவூர்ப் படங்கள் எல்லாவற்றையும் தாண்டி நான் முன்னால் ஓடினேன். மூன்றாவது அறையில் சட்டென்று நின்றேன். சுவரில் அத்தை இருந்தாள்.

இருபது வயது அத்தை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, ஈரத் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு, சேலைக்கு மேல் ஓர் ஆம்பளைச் சட்டையோடு, எதிரில் இருக்கும் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தை அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"அத்தை, இங்க பாருங்க! நீங்க!" என்று கத்தினேன்.

அத்தை வந்தாள். பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அது நானில்ல கண்ணு. வா, உன்ற படத்தைப் பாக்கலாம்" என்றாள்.

அதற்குள் மாமாவும் வந்துவிட்டார். அங்கே விளக்கம் சொல்ல நின்றிருந்த பெண்ணும் ஆர்வமாக அருகே வந்தாள். "இதை வரைஞ்சவரு இவங்க மில்லுக்குப் பக்கத்துல ரூம் எடுத்துத் தங்கியிருந்தவருங்க. இப்ப உசுரோட இல்லீங்க. இந்தம்மா யாருன்னு எங்களுக்கும் தெரியலை. இப்படி வரையோணும்னா எத்தனையோ நாள் எதுக்க உக்காந்திருக்கோணும்ங்க. தெரிஞ்சவங்க சொன்னா பேரை எழுதிப்போடுவோம்."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் அருகே குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

யாரும் என்னை நம்பாதது எனக்குப் பொறுக்கவில்லை. "விரலைப் பாருங்க மாமா! மோதிர விரல்ல நுனி இல்ல. அத்தை மில்லுல வேல பாத்தப்ப மெசின்ல மாட்டிப் போச்சல்ல, அதே விரலுங்க!"

அத்தை இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். நான் அந்தக் கையை வெளியே இழுத்துக் காட்டப் போனேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அது எடக்கை கண்ணு" என்றார் மாமா. "உங்கத்தைக்குப் போனது வலக்கைல."

"இல்லீங்க மாமா, எடக்கைதான்..."

"இருபத்தஞ்சு வருசமாப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம், "ஏதோ சாடை இருக்குதுங்க. வேற யாரோ" என்றார். அவள் ஏமாற்றத்தோடு விலகிப் போனாள்.

அத்தை நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. "நீ மெதுவாப் பாத்துட்டு வா அம்மணி. நாங்க முன்னால போறோம்" என்று சொல்லி என்னை நடத்திக்கொண்டு போனார்.

கடைசி அறையில் என் படத்தின் முன்னால் மாமா வெகுநேரம் நின்றார். நான் வரைந்திருந்தது ஒரு பசுவும் தென்னைமரமும். அதில் அவ்வளவு நேரம் பார்க்க என்ன இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. இருந்தாலும் பெருமையாக இருந்தது. அத்தை வரக் கால் மணி நேரம் ஆனது. கண்கள் சிவந்திருந்தன.

திரும்பும் வழியில் நான் பின்சீட்டில் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். எனக்கு அத்தையை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. இத்தனை வருடம் கூடவே வாழ்ந்தும், பெண்டாட்டிக்கு எந்தக் கையில் விரல் போயிற்று என்றுகூடத் தெரியாத ஒரு மனுசனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்களே என்று.