கசத்தில் பேர் சொல்லக் கூடாது

“உங்க கடைத் தங்கூசு நரம்பு சரியில்லக்கா. மீனு இழுத்தா நரம்பு அறுந்துல்ல போகணும்? இதுல முடிச்சு அவுந்துல்ல வருது” என்று மேஜைமேல் சுருட்டிப் போட்டார் பாண்டி. எஸ்டேட்டுக்குப் போடிமெட்டு வழியாக ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு டிரைவர். தூண்டில் சாமான் விற்கிறவளுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான்: மீன் சிக்கவில்லை என்றால் முள்ளைக் குறை சொல்கிறவர்கள், நரம்பைக் குறை சொல்கிறவர்கள். தன்னைக் குறை சொல்லிக்கொண்டு எவரும் என் கடைப்படி ஏறியதில்லை.

கடை என்பது போடியில் எங்கள் வீட்டு முன்னறை. ஆரம்பித்தவர் என் கணவர் தனபால். முன்பெல்லாம் ஏலக்காய் வியாபாரம் போக மிச்ச நேரத்தில் மீன் பிடித்தார். பிறகு மீன் பிடித்தது போக மிச்ச நேரத்தில் ஏலக்காய். கடை என் தலையில் விழுந்தது. தூண்டில்காரர்களுக்கு வாழ்க்கைப்பட்ட சகோதரிகளே, உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலும் தயிருக்குப் பக்கத்தில் மண்புழு டப்பா இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அவிழ்ந்த முடிச்சு

பாண்டி போட்ட நரம்பைப் பார்த்தேன். அறுந்த நரம்பு நுனியில் பிசிறு தட்டும். இதில் பிசிறே இல்லை. முடிச்சு இருந்த இடத்தில் சுருள் மட்டும் அப்படியே இருந்தது. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர்கள். முடிச்சைப் பற்றி எனக்கு ஒரு ஜீப்பு டிரைவர் பாடம் எடுக்க வேண்டாம். முள்ளின் காதில் நரம்பைக் கோத்து, அதன் மேலேயே சுற்றி, எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்க வேண்டும். காய்ந்தபடி இறுக்கினால் நரம்பு சூடாகி வலுவிழக்கும். ஒழுங்காக இறுக்கிய முடிச்சை மனிதனே நகத்தால் கழற்ற முடியாது.

“எங்க போட்டீங்க?” என்றேன். குரங்கணிக்கு மேலே, கசத்தில் என்றார். ஆறு பாறையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் ஆழமாகக் கிடக்கும் மடு அது. கோடையிலும் தண்ணீர் கறுப்பாகத்தான் இருக்கும். மீன் கழற்றியது என்றால், அந்த முள் எல்லாம் எங்கே போயிற்று என்று மடக்கினேன்.

பாண்டி சட்டைப்பையிலிருந்து முட்களை எடுத்து வைத்தார். “போகலக்கா. பாறை மேல வரிசையா எடுத்து வச்சிருந்துச்சு.”

ஒரு தடவை கூப்பிட்டேன்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனபாலும் கசத்துக்குப் போனார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? மத்தியானம் பாண்டி ஜீப்பில் நான் சாப்பாடு கொண்டு போனேன். இறங்கி நடக்கும்போது, காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ராசாத்தி கூடவே வந்தாள். குரங்கணிக்காரி. கசத்துக்குப் பக்கத்தில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதாம். அண்ணே, மாப்ளே, அப்பு என்று முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம்.

எங்கள் வீட்டுப் பெண்கள் எங்கேயுமே புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். ‘ஏங்க’, ‘இந்தாங்க’, ‘உங்களத்தான்’. நான் கல்யாணமான வாரமே ‘தனபால்’ என்று கூப்பிட்டு மாமியாரைக் காதைப் பொத்த வைத்தவள். பேர் வைத்தது எதற்கு என்பது என் கட்சி. பாறை மேல் நின்று, “தனபால், சாப்பாடு” என்றேன்.

எதிர்ப்பாறையிலிருந்து எதிரொலி வந்தது. எதிரொலி என்றால் சொன்னதில் கடைசி வார்த்தைதானே வர வேண்டும்? ‘சாப்பாடு’ வரவில்லை. ‘தனபால்’ மட்டும் வந்தது. தனபால் சிரித்தார், சாப்பிட்டார், கை அகலக் கெண்டைகளாகக் கூடை நிறையப் பிடித்தார்.

ராசாத்தி மட்டும் தலைச்சுமையை இறக்காமல் நின்றாள். “நீங்க ஒரு தடவதான கூப்பிட்டீங்க. அது ரெண்டாந் தடவையும் கூப்பிடுதுக்கா.”

மேடம், நீங்களா?

ஊருக்கு மாற்றலாகி வந்த பேங்க் ஆபீசர் ஒருவர் விலை உயர்ந்த ராடும் ரீலுமாக வந்து, எங்கே நல்ல மீன் கிடைக்கும் என்றார். கண்மாய்க்குப் போங்கள் என்றேன். ஜிலேபிக்கு மண்புழு, கெண்டைக்கு மைதா மாவு, விராலுக்குத் தவளைக்குஞ்சு. உங்கள் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. முக்கியமாக, தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இரை போட்டுப் பழக்குங்கள். அப்புறம் நீங்கள் மீனைத் தேட வேண்டாம், மீனே வந்து காத்திருக்கும். கசத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

போகாதே என்று சொன்ன இடத்துக்குப் போகாத தூண்டில்காரர் இன்னும் பிறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தார். முகத்தில் மீன் பிடித்த களை இல்லை. முதல் நாள் மத்தியானம் முழுக்க நான் எங்கள் மொட்டைமாடியில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தேன் என்பதற்கு அக்கம்பக்கமே சாட்சி.

அவர் கேட்டார்: “மேடம், நேத்து எதிர்க்கரையில நின்னு சாரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்களே, அந்தப் பக்கம் பாதையே கிடையாதே, எப்படிப் போனீங்க?”

வீட்டில் கூப்பிட்டால்

தனபால் இப்போது தினமும் போகிறார். முதலில் கூடை நிறைய வந்தது. பிறகு பாதி. இப்போது கூடையையே எடுத்துக்கொண்டு போவதில்லை. முள்ளும் வேண்டாம், புழுவும் வேண்டாம். வெறும் நரம்பு. வீட்டில் ‘தனபால்’ என்று கூப்பிட்டால் என் பக்கம் திரும்புவதில்லை. குளியலறைத் தொட்டிப் பக்கம் திரும்புகிறார்.

உங்களுக்குக் காது செவிடா என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. “அங்க கூப்பிடுறப்ப நீ இப்படிச் சிடுசிடுன்னு கூப்பிடுறதில்லையே” என்றார்.

முறை

ராசாத்தியிடம் போய் நின்றேன். யாரிடமும் யோசனை கேட்டுப் பழக்கம் இல்லாதவள் நான். “பேரு இனி அதோடதுக்கா. நீங்க மொறை சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. வெரசாப் போங்க” என்றாள்.

இப்போது தினமும் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு கசத்துப் பாறையில் நிற்கிறேன். தனபால் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீருக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார். பாண்டி ஒருநாள் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, கல்லைப் பிடித்து இழுத்த மாதிரி இருக்கிறது என்று கையை உதறிக்கொண்டு வந்தார். பொழுது சாயும்போது குரல் நின்ற பிறகுதான் அவராக எழுந்து வருகிறார். போன வாரம் கணுக்கால் வரை தண்ணீர். நேற்று முழங்காலுக்கு மேல். ஆற்றில் தண்ணீர் ஏறவில்லை. அவர்தான் படிப்படியாகக் கீழே இறங்கி உட்காருகிறார்.

எதிர்க்கரையிலிருந்து அவரைக் கூப்பிடுவது என் குரல்தான். சிஸ்டர் கற்றுக்கொடுத்த அதே திருத்தமான உச்சரிப்பு. ஆனால் நான் ஒருநாளும் கூப்பிடாத அளவுக்குப் பொறுமையாக. ஒவ்வொரு தடவையும் அவர் தலை ஆடுகிறது, இதோ வருகிறேன் என்பதுபோல.

கடையில் இத்தனை வகை இரை விற்கிற நான், ஒரு நல்ல இரையை மட்டும் கசத்துக்கு ஓசியில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

“ஏங்க... உங்களத்தாங்க. சாப்பாடு ஆறுது, எந்திரிச்சு வாங்க.”